திங்கட்கிழமையே வந்துவிட்ட குறைகள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் நடக்கவிருந்த திருமண வரவேற்பைப் பற்றிய குறைகள், அதற்கு முந்தைய திங்கட்கிழமை காலையிலேயே எழுத்துபூர்வமாக வந்து சேர்ந்தன. மொத்தம் பதினொரு பக்கம். விசேஷங்களுக்கு ஏற்பாடு செய்து தரும் தொழிலில் பத்தொன்பது வருடம் ஊறியவள் அவள். எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் விடமாட்டாள் என்பதால், கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு 'ரெண்டுதடவை' என்று பெயர் வைத்திருந்தார்கள். மண்டப வாசலில் சின்ன மேசை போட்டு, விருந்தாளிகள் நிறைகுறை எழுத ஒரு நோட்டையும் நூலில் கட்டிய பேனாவையும் வைப்பது அவள் வழக்கம். அந்தத் திங்கட்கிழமை புது நோட்டு வாங்கி வந்து, மேலுறையைத் தன் கையாலேயே கிழித்தாள். உள்ளே ஆளுக்கொரு கையெழுத்தில், ஞாயிற்றுக்கிழமைத் தேதியும் பெயரும் போட்டு எழுதியிருந்தது. வாழ்த்திப் பேசும்போது மைக் பதினாலு நிமிடம் செத்துக் கிடந்ததாம். மாப்பிள்ளையின் பெரியப்பா லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டாராம். ஒன்றரை மணிக்கே கை கழுவத் தண்ணீர் இல்லையாம்.

முதலில் நோட்டு விற்ற கடைக்காரரைச் சந்தேகப்பட்டாள். அப்புறம் மேம்பாலத்துப் பக்கம் இதே தொழில் செய்யும் போட்டிக்காரரை. அவருக்கு இவ்வளவு கற்பனை கிடையாது என்று நினைவு வந்ததும், எழுதியவர்களையே நேரில் போய்ப் பிடிப்பது என்று முடிவு செய்தாள். பச்சை மையில் எழுதியிருந்தவர் பெண்வீட்டுக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எழுத்து என்னோடதுதான்மா. ஆனா நான் இன்னும் விசேஷத்துக்கு வரவே இல்லையே!" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எழுதியிருக்கேன்னா நடந்துதான் இருக்கும். நான் பொய் எழுதுற ஆள் இல்ல" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

வேறு வழியில்லாமல் எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனாள். மேடைக்கு அடியில் மைக் ஒயரை எலி பாதி கடித்துத் தின்றிருந்தது. ஒயரை மாற்றிய நிமிடத்தில் நோட்டில் அந்த வரி மங்கத் தொடங்கி, சாயங்காலத்துக்குள் வெறும் கோடாகிவிட்டது. லிஃப்டுக்கு ஆள் வரவழைத்துப் பழுது பார்த்ததும் நோட்டில் பெரியப்பா வெளியே வந்துவிட்டார். ஆனால் அதே இடத்தில், லிஃப்டில் எண்ணெய் நாற்றம் என்று புதுக் குறை எழுதினார். அதையும் துடைக்க வைத்தாள். தண்ணீர் லாரிக்குச் சொன்னாள். "நல்லதா போச்சே மேடம், அன்னைக்கு ஓடுற ஓட்டம் மிச்சம்" என்றான் எலக்ட்ரீஷியன். அவனுக்கு அதற்கு மேல் அதில் ஆச்சரியம் இல்லை. அவளுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. கேட்காமல் உதவுகிறவர்களை அவள் வாழ்நாளில் நம்பியதில்லை.

இந்த விசேஷம் மற்றவை மாதிரி இல்லை என்பதும் ஒரு காரணம். மணப்பெண் அவளுடைய சொந்த அக்கா மகள். பதினோரு வருடத்துக்கு முன்னால் அம்மாவின் வளையல் ஒன்று காணாமல் போனபோது, அக்காதான் எடுத்திருப்பாள் என்று நாலு பேர் எதிரில் வாய்விட்டுச் சொன்னவள் இவள். வளையல் மூன்றாம் நாள் துணி துவைக்கும் இயந்திரத்துக்கு அடியில் கிடைத்தது. மன்னிப்புதான் கிடைக்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். கேட்காததால் இரண்டு பேரும் காய்ச்சலா, தேவலையா என்பதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அப்படியிருந்த அக்கா, தன் ஒரே மகளின் வரவேற்பை இவளிடம் நம்பிக் கொடுத்திருந்தாள். இதில் ஒரு தும்மல் தப்பாக விழுந்தாலும் அப்புறம் அந்த வீட்டு வாசல்படி மிதிக்க முடியாது.

வெள்ளிக்கிழமைக்குள் பத்துப் பக்கம் வெள்ளையாகிவிட்டது. பதினோராவது பக்கம் மட்டும் அசையவில்லை. இடது பக்கம் சாய்ந்த அக்காவின் கையெழுத்து. 'எல்லாம் ஒரு குறையும் இல்லாம நடந்தது. என் தங்கச்சிதான் ஒரு போட்டோவுலகூட இல்ல.' மற்ற வரிகள் மங்க மங்க இது மட்டும் கறுத்துக்கொண்டே போனது. தனக்கு ஏதோ ஆகப்போகிறது என்று அவளுக்கு உறைத்தது. டாக்டரிடம் போனாள். இருபது வயதுப் பெண்ணுக்கு இருக்கிற ரத்த அழுத்தம் என்று அவர் பாராட்டியதால் டாக்டர் மேலும் சந்தேகம் வந்தது. சனிக்கிழமை முழுக்க மாடிப்படியில் கைப்பிடியை விடவில்லை. சமையல்கூடத்து சிலிண்டர்களை எட்டி நின்று பார்த்தாள். மேடைக்கு மேல் தொங்கிய கண்ணாடி விளக்கை நாலு முறை ஆட்டிப் பார்க்கச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் வரத் தொடங்கியதும் அவள் நோட்டை எடுத்துக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். அங்கே தொங்குகிற விளக்கு இல்லை, லிஃப்ட் இல்லை, தலையில் விழ எதுவும் இல்லை. அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து போனிலேயே விசேஷத்தை நடத்தினாள். மைக் பேசியது. தண்ணீர் வந்தது. ஒன்றே முக்கால் மணிக்கு எலக்ட்ரீஷியன் கதவைத் தட்டினான்.

"மேடம், குடும்ப போட்டோ எடுக்கப் போறாங்களாம். உங்க அக்கா ரெண்டு தடவை கேட்டுட்டாங்க."

"அஞ்சு நிமிஷத்துல வரேன்னு சொல்லு" என்று உள்ளேயிருந்தே சொன்னாள். சொல்லிவிட்டு நோட்டைத் திறந்தாள். அக்காவின் வரி அடுத்த பக்கத்திலும் ஊறித் தெரியும் அளவுக்குக் கறுத்திருந்தது. மேடையில் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. கேமராக்காரர் எல்லாரையும் நெருங்கி நிற்கச் சொன்னார். அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. எந்த விளக்கும் விழவில்லை, எந்த சிலிண்டரும் வெடிக்கவில்லை. போட்டோவில் அவள் இல்லாததற்குக் காரணம், அவள் இங்கே நாற்காலிகளோடு உட்கார்ந்திருப்பதுதான். இத்தனை வருடமும் இப்படித்தான் இருந்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மேடைக்கு அவள் ஓடித்தான் போனாள்.

"எங்கடி போன?"

"ஸ்டோர் ரூம்ல இருந்தேன்." மூச்சு வாங்கியது. "அக்கா, அந்த வளையல் விஷயம்... நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. என்னை மன்னிச்சிடு."

அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தங்கையின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"பதினோரு வருஷமா வாயில என்ன வச்சிருந்த? நேரா நில்லு. கேமராவைப் பாரு."

சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்தபோது நோட்டை மறுபடி வாசல் மேசையில் கொண்டுவந்து வைத்தாள். பதினோராவது பக்கமும் வெறும் கோடாக இருந்தது. அக்கா வாசல் மேசையில் குனிந்து நின்று, அதே பக்கத்தில் இடது பக்கம் சாய்த்து எழுதினாள். 'எல்லாம் நல்லா நடந்தது. போட்டோவுல தங்கச்சி கண்ணை மூடிட்டா.' மை காய்ந்த பிறகும் அது மங்கவில்லை. தங்கை அந்த நோட்டை அதற்கப்புறம் சரிபார்க்கவும் இல்லை. அடுத்த மாதம் ஒரு கம்பெனி ஆண்டு விழாவுக்காக வாங்கிய புது நோட்டில் ஏழு பக்கம் எழுதியிருந்தது. உட்கார்ந்து நிதானமாகப் படித்துவிட்டு, எலக்ட்ரீஷியனுக்கு போன் போட்டு, ஏணியை எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள்.