கடைசிக் கூண்டு வாயாடி

எங்கள் காப்பகத்துக்கு நாய் தேடி வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. வாசல் பக்கத்துக் கூண்டுகளில் குட்டிகள் இருக்கும். அங்கேயே உருகி வழிந்து, ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். "சோபா கலருக்குப் பொருத்தமா ஏதாவது இருக்கா?" என்று கேட்ட மகராசியும் உண்டு. கையிலிருந்த கூண்டு கழுவும் தண்ணீரை அவள் தலையிலேயே கவிழ்க்கலாம் போலிருந்தது.

தப்பித் தவறிக் கடைசிக் கூண்டுவரை வருகிறவர்களை வாயாடி விரட்டிவிடுவாள். கிழட்டுப் பழுப்பு நாய், ஒரு காதில் பாதி இல்லை. ஆளைக் கண்டால் கம்பியில் கால் வைத்து நின்று காது கிழியக் குரைப்பாள். ஈ எறும்பைக்கூடக் கடித்ததில்லை, ஆனால் கடிநாய் என்று பெயர் வாங்கிவிட்டாள்.

ஒருநாள் மேலாளர் கூண்டுக்கு முன்னால் வந்து நின்றார். "பின்னாடி ஷெட்ட இடிக்கப் போறோம்மா. மாசக் கடைசிக்குள்ள இத யாரும் எடுக்கலைன்னா நகராட்சிக்காரங்க கிட்ட ஒப்படைச்சிருவோம்." அங்கே கிழட்டு நாய்களுக்கு ஊசிதான். சொல்லிக்கொண்டே, குரைத்தவளின் வாயை அடைக்க ஒரு பிஸ்கட்டை உள்ளே எறிந்தார். அவர் எப்போது அந்தப் பக்கம் போனாலும் அப்படித்தான். அன்றுதான் எனக்குப் பொறி தட்டியது. ஆள் வந்தால் குரை, தின்னக் கிடைக்கும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே இந்த மனுஷன்தான்.

"நீங்க கெடுத்து வச்சதுக்கு அவ சாகணுமா சார்?"

"வேலையப் பாரும்மா. எனக்குப் பாடம் எடுக்காத."

பிஸ்கட் டப்பாவை அவர் கண்ணில் படாமல் ஒளித்து வைத்தேன். வாயாடி குரைத்தால் முதுகைக் காட்டி நின்றேன், வாயை மூடினால் கொடுத்தேன். பிடிவாதத்தில் அவள் எனக்குச் சளைத்தவள் இல்லை. ஆனாலும் படிந்தாள். மாசக் கடைசி நெருங்கியபோது, யார் வந்தாலும் பூனை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் அந்தத் தையல்காரி வந்தாள். குட்டிகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் விறுவிறுவென்று பின்வரிசைக்கு நடந்தாள்.

"அழகெல்லாம் எனக்கு வேண்டாம். புருஷன் போனதிலிருந்து கொழுந்தன் கேக்காம கொள்ளாம உள்ள வந்து நிக்கிறான், வீட்ட எழுதிக் குடுன்னு. அவன வாசல்லயே நிறுத்துற நாய் வேணும்." வாயாடியை மேலும் கீழும் பார்த்தாள். "இது என்ன, ஊமையா?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. "ஊமையா? குரைச்சா ஊரே கூடிரும்" என்று கூண்டைத் திறந்து, "குரைடி!" என்றேன். வாயாடி நல்ல பிள்ளையாக என் கையையே பார்த்தாள்.

"பொய் சொல்லி என் தலையில கட்டப் பாக்குறியா?"

"யாரப் பாத்துப் பொய்ங்கிற? வேணாம்னா நடையக் கட்டு!"

அவள் கையை ஓங்கிக்கொண்டு என்மேல் வந்தாள். வாயாடி கூண்டிலிருந்து பாய்ந்து எங்கள் நடுவில் நின்றாள். என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, சுவர் அதிரக் குரைத்தாள். கடிக்கவில்லை. நின்ற இடத்தை விட்டு நகரவும் இல்லை.

தையல்காரி கையை இறக்கினாள். "சோறு போட்டவளுக்காக நிக்குது. எனக்கு இது போதும். கயிறக் குடு."

வாயாடி போக மறுத்தாள். என் காலைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "சனியனே, போய்த் தொலை!" என்று கத்தித்தான் அனுப்பினேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

கொடுத்த நாயைச் சில வாரம் கழித்து வீட்டில் போய்ப் பார்ப்பது எங்கள் வழக்கம். போனேன். உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கேட்டில் கை வைத்ததுதான் தாமதம், வாயாடி ஓடிவந்து என்னைப் பார்த்துக் குரைத்தாள்.

"நான்தான்டி."

வால் ஆடியது. குரைப்பு நிற்கவில்லை. தையல்காரி எட்டிப் பார்த்து, "விடு, நம்ம ஆளுதான்" என்று சொல்லும்வரை என்னை ஓர் அடி உள்ளே விடவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. கேட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே அழுதேன், சந்தோஷத்திலும்தான்.