படகின் அடியில் இரண்டு தட்டு

என் தம்பி சோம்பேறி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று அவன் பிழைத்ததே அதனால்தான்.

கடலடிப் பாறையிலிருந்து சிப்பி பெயர்ப்பது அவன் வேலை. வாயில் காற்றுக்குழாய், இடுப்பில் கயிறும் ஈயப் பட்டையும். நான் படகில் காற்று இயந்திரத்தையும் கயிற்றையும் பார்த்துக்கொள்பவள். கயிறு பாறையில் உரசி எப்போதும் ஆடும் என்பதால், எங்களுக்குள் தட்டுதான் பேச்சு. அவன் இரண்டு கற்களை மோதுவான். நான் படகின் பலகையில் காதை வைத்துக் கேட்பேன். இரண்டு தட்டு என்றால் 'நன்றாக இருக்கிறேன்.' உடனே நான் சுத்தியலால் இரண்டு தட்டுவேன், 'கேட்டுவிட்டேன்' என்று. ஐம்பது எண்ணும்வரை சத்தம் வராவிட்டால் இழுத்துவிட வேண்டும்.

முன்பெல்லாம் மேலே வரும் காற்றுக் குமிழிகளையும் பார்ப்பேன். இப்போது பார்க்க முடியாது. மூன்று கோடைகளாகக் கடல் துணி அலசிய தண்ணீர் போல வெதுவெதுப்பாக இருக்கிறது. ஜெல்லி மீன்கள் வந்து மேற்பரப்பை மூடிவிட்டன.

"கீழ எல்லாமே புது ஆளுங்கக்கா. பழைய மூஞ்சி ஒண்ணைக்கூடக் காணோம். நான்தான் விருந்தாளி மாதிரி இருக்கேன்" என்பான் தம்பி.

சூடு தாங்காமல் பழைய மீன்கள் குளிர்ந்த பக்கம் போய்விட்டன, சூட்டுக்குப் பழகியவை குடிவந்துவிட்டன என்று ஆராய்ச்சிக்காரர் ஒருவர் வந்து சொன்னார். அவற்றில் சில வயிற்றுக்குள்ளிருந்தே தட்டுவது போல ஓசை எழுப்புமாம். நான் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டேன்.

அன்று காலை அவன் இறங்கினான். முப்பது எண்ணினேன். டொக், டொக். பதில் தட்டினேன். மறுபடி முப்பது. டொக், டொக். தட்டினேன்.

பரவாயில்லையே, கல்யாணம் ஆனதும் பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன். வழக்கமாக நான் நாற்பத்தொன்பது எண்ணி, கயிற்றைக் கையில் எடுத்த பிறகுதான் தட்டுவான். தன் கல்யாணத்துக்கே தாமதமாக வந்தவன் அவன்.

ஐந்தாவது முறையும் சரியாக முப்பதில் வந்தது. என் சந்தோஷம் போய்விட்டது. இவ்வளவு ஒழுங்காக என் தம்பியால் ஏழு பிறவி எடுத்தாலும் தட்ட முடியாது. பலகையில் காதை அழுத்தினேன். கயிறு இறங்கியிருந்தது முன்பக்கம். சத்தம் வந்தது பின்பக்கம்.

கயிற்றை இழுத்தேன். வரவில்லை. பலகையில் காலை ஊன்றி, அவனைப் பெயர் சொல்லிக் கத்திக்கொண்டே இழுத்தேன். ஏதோ பிய்த்துக்கொண்டது போல ஒரு உதறல். பிறகு கனமாக மேலே வந்தான். உதடு நீலம். வலது கையில் மணிக்கட்டுக்குக் கீழே தோல் இல்லை. குப்புறப் போட்டு முதுகில் குத்தினேன், திட்டினேன், அழுதேன். கடைசியில் தண்ணீரைக் கக்கி மூச்சு இழுத்தான்.

"பாறை சரிஞ்சிடுச்சுக்கா" என்றான், பேச்சு வந்ததும். "கை மாட்டிக்கிச்சு. குழாயும் நசுங்கிடுச்சு. அதை இன்னொரு கையால பிரிச்சுப் பிடிச்சுக்கிட்டே இருந்தேன்."

"எப்போடா?"

"இறங்கின உடனே. ஒரு தட்டுகூடத் தட்டல."

நான் பலகையில் கிடந்த சுத்தியலைப் பார்த்தேன்.

"தோல் போனாப் போகுதுன்னு கையை உருவிட்டு அப்பவே வந்திருப்பேன். நீதான் விடாம தட்டிக்கிட்டே இருந்தியே. அக்காவுக்குத் தெரிஞ்சிடுச்சு, இருக்கச் சொல்றா, இப்ப இழுத்துடுவான்னு அசையாம இருந்தேன். அந்தத் தைரியத்துலதான் உயிரைப் பிடிச்சிருந்தேன்."

அவன் சிரித்தான், நன்றியோடு. நான் தட்டிய ஒவ்வொரு தட்டும் அவனைக் கீழே இருத்தி வைத்திருக்கிறது. அதைச் சொன்னால் அந்தச் சிரிப்பு போய்விடும். ஆனால் சொல்லாமல் விட்டால் நாளைக்கும் என்னை நம்பி இறங்குவான்.

"நான் உனக்குத் தட்டலடா" என்றேன். "பின்பக்கம் ஏதோ மீன் தட்டிச்சு. அதுக்குப் பதில் தட்டினேன்."

அவன் சிரிப்பு நின்றது. பின்பக்கப் பலகைக்கு அடியில், எங்கள் இருவர் காதிலும் விழும்படி, டொக், டொக்.

இருபது வருடப் பழக்கம். என் கை தானாகச் சுத்தியலை எடுத்து ஓங்கிவிட்டது. ரத்தம் சொட்டும் கையால் தம்பி அதை எட்டிப் பிடித்துக்கொண்டான்.