வலையை யாரும் மூடலாம்

1

"அறிக்கைய மாத்தி எழுதுங்க, சார்."

இந்தக் கதை இந்த ஒரு வரியிலிருந்துதான் வந்தது. நான் வாயைத் திறந்து கேட்கவே கூடாது என்று அம்மா சொல்லிவைத்திருந்த வரி. "தூக்கிவிடுற கைகிட்ட நியாயம் கேக்காதடி." அம்மா பள்ளிக்கூடம் பார்த்ததில்லை. அப்பா கிதர்பூர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பெஹாலாவில் எங்கள் வீட்டின் முதல் பட்டம் என்னுடையது, விலங்கியல். அதனால் எங்களுக்குத் தூக்கிவிடுகிற கை ரொம்ப முக்கியம்.

அந்தக் கை சிவராமகிருஷ்ணன் சாருடையது. மத்திய அரசு அதிகாரி, லேக் கார்டன்ஸில் வீடு, எங்கள் பறவைச் சங்கத்தின் தலைவர். 1999 மார்ச்சில் என்னைச் செங்கடல் பக்கத்துப் பாலைவன முகாமுக்குத் தன்னார்வலராகக் கூட்டிப்போனார். ஆப்பிரிக்காவிலிருந்து வடக்கே வலசை போகும் பறவைகளை வலையில் பிடித்து, காலில் எண் போட்ட வளையம் மாட்டி, எடை பார்த்து, விட்டுவிடுவது எங்கள் வேலை.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: பொன்னிறப் பாலையில் விடியல் தன் சிறகை விரித்த

அடித்துவிட்டேன். விடியலில் எனக்கு விரல் விறைத்து மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

இரண்டாவது தொடக்கத்தில் எனக்கு நீலாவதி என்று பெயர் வைத்தேன். 'நான்' என்பதை 'அவள்' ஆக்கினால் கோபம் குறைந்து இலக்கியம் கூடும் என்றார்கள். நீலாவதி சரியாக ஒன்பதேகாலுக்கு ஓடிப்போய்க் குருவிகளை எடுத்துவிட்டு வலையை மூடிவிட்டாள். குருவிகள் பிழைத்தன, கதை செத்தது. (நல்ல பெண்தான். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை.)

3

நடந்ததைச் சொல்கிறேன்.

வெயில் ஏறுவதற்குள் பறவைகளை எடுத்துவிட்டு வலையை மூடிவிட வேண்டும். முகாமின் முதல் விதி அது. சார் முன்பே போய்வந்தவர் என்பதால் ஒரு வலைவரிசை அவர் பொறுப்பில் இருந்தது. அன்று அவருடைய விருந்தாளிகள் கேமராவோடு வரவிருந்தார்கள். மாட்டியிருப்பவை அப்படியே இருக்கட்டும், படத்துக்கு நன்றாக இருக்கும் என்றார்.

"சார், ஒம்போதேகால். மூடிடட்டுமா?"

"பத்து நிமிஷம் இரும்மா."

அந்தப் பத்து நிமிஷம் ஐம்பது ஆனது. வெயிலில் வலையிலேயே செத்தன, இருபத்து மூன்று கதிர்க்குருவிகள். ஒவ்வொன்றும் பத்து கிராம்கூடக் கிடையாது.*

சார் முகாமுக்கு எழுதிக்கொடுத்த அறிக்கையில் அதற்கு ஒரே வரி: 'தன்னார்வலரின் அனுபவமின்மையால்.' அந்த வலைவரிசையில் தன்னார்வலர் என்று இருந்தது நான் ஒருத்திதான்.

* இவை சஹாராவைத் தாண்டி வந்தவை என்று எழுதினேன். பரிதாபம் தேடுவதுபோல் இருந்ததால் எடுத்தேன். திரும்பப் போட்டுவிட்டேன். தாண்டித்தானே வந்தன.

4

இங்கே ஒரு கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். சார் மேல் இல்லை.

வலைக்கம்பத்தின் மேல் என் கை இருந்தது. வலையை மூட உத்தரவு வேண்டாம், யாரும் மூடலாம். முகாமில் சேர்ந்த அன்றே சொல்லித்தந்தார்கள். ஐம்பது நிமிடம் அந்தக் கை என்ன செய்தது? கம்பத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. அம்மாவின் வரி என்னோடு விமானம் ஏறி வந்திருந்தது என்று எழுதலாம். அழகான சாக்கு. ஆனால் அம்மா அங்கே இல்லை. நான் இருந்தேன்.

5

ஜூலை. லேக் கார்டன்ஸ் வீடு. மாமி டீ கொடுத்தார். மேஜைமேல் சார் கையெழுத்துப் போட்ட சிபாரிசுக் கடிதம். வியாழக்கிழமை ஆராய்ச்சி இடத்துக்கு நேர்முகம், அந்தக் காகிதம் இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள். நான் அப்போதுதான் அந்த வரியைச் சொன்னேன். எப்படி மாற்ற வேண்டும் என்றும் சொன்னேன்.

"நான் மூடலைன்னு எழுதுங்க. நீங்க மூட விடலைன்னும் எழுதுங்க."

சார் குரலை உயர்த்தவில்லை. "உங்கப்பா கிரேன்ல ஏறினார். நீ ப்ளேன்ல ஏறிட்டே. ஒரு குருவிக்காக அங்கேர்ந்து குதிப்பியா?"

"இருபத்து மூணு, சார்."

மாமி சிரித்துவிட்டு, சார் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சார் அந்தக் கடிதத்தை ஒரு விரலால் தன் பக்கம் நகர்த்தினார். "இத எடுத்துண்டு போ. இல்லேன்னா அதக் கேட்டுண்டு நில்லு. ரெண்டும் சேர்ந்து கிடைக்காது."

6

முடிவுகள்.

அ) அவள் கடிதத்தை எடுத்துக்கொள்கிறாள். அம்மா காளிகாட்டில் அர்ச்சனை செய்கிறாள். பல வருடம் கழித்து, வேறொரு பாலைவனத்தில், வேறொரு பெண்ணிடம் அவளே சொல்கிறாள்: பத்து நிமிஷம் இரும்மா.

ஆ) சார் மனம் இளகி, பேனாவை எடுத்து

(இதற்கு மேல் போகவில்லை. எனக்கு அவரைத் தெரியும்.)

இ) நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். சார் வீட்டுக்குப் போன அன்று காலையிலேயே, பவானிபூர் தபால் ஆபீஸில், நேரம் குறித்த என் நாட்குறிப்புப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து முகாமுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தேன். கூடவே ஒரு கடிதம். முதல் வரி என்னைப் பற்றியது, இரண்டாவது அவரைப் பற்றியது. ரசீது என் பையில் இருந்தது. அவர் கையாலேயே அவர் எழுதட்டும் என்றுதான் வந்து கேட்டேன்.

முகாம் என்ன பதில் போடும், வியாழக்கிழமை என்ன ஆகும் என்பதெல்லாம் உங்கள் பாடு. நான் எழுதப்போவதில்லை.

எழுந்தேன். சிபாரிசுக் கடிதம் மேஜைமேலேயே இருந்தது. டீயும் பாதி இருந்தது.

"உக்காரு," என்றார். "பத்து நிமிஷம் பேசலாம்."

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன்.