பார்க்காமல் எழுதிய சீட்டு

வைத்தியலிங்கம் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து அண்ணியிடம் நீட்டினான். டாக்டர் கையெழுத்துப் போட்ட இறப்புச் சீட்டு. அதைக் காட்டினால்தான் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில் சாவைப் பதிவார்கள், சுடுகாட்டில் கட்டை அடுக்குவார்கள்.

அல்லி அதை வாங்கிக்கொள்ளவில்லை. "சோமசேகரன் வரலியா?" என்றாள்.

வைத்தியலிங்கம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னான். சேதி கேட்டதும் சின்ன டாக்டர் சோமசேகரனுக்குக் கண் கலங்கிவிட்டதாம். தொழில் கற்றுக் கொடுத்த நீலகண்டன் சாரைத் தொட்டுப் பார்த்துச் சோதிக்க நான் யார் என்றாராம். அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டு, நாகப்பட்டினத்தில் அவசரக் கேஸ் என்று காரில் ஏறிவிட்டாராம்.

இதைத்தான் ஊரில் மரியாதை என்பார்கள். அல்லிக்கு அது மரியாதையாகத் தெரியவில்லை.

அவள் புருஷன் டாக்டர் நீலகண்டன் ஒரு பிணத்தைக்கூடப் பார்க்காமல் எழுதியவரில்லை. அதாவது, கடைசி எட்டொன்பது வருஷமாக. சாவு வீட்டிலிருந்து ஆள் வந்தால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போவார். நாடி பார்ப்பார், கண்ணில் டார்ச் அடிப்பார், நெஞ்சில் குழாயை வைத்தால் லேசில் எடுக்கமாட்டார். அப்புறம் காதருகில் குனிந்து பேர் சொல்லிக் கூப்பிடுவார். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். அழுகிறவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிணமே எழுந்து வந்து, நான் செத்தது நிஜம்தான் என்று சொன்னால்தான் இந்த மனுஷன் எழுதுவான் என்று டீக்கடையில் கேலி பேசினார்கள். கேட்டு அவளும் சிரித்திருக்கிறாள்.

அவளிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "என்னையும் ஒரு டாக்டர் வந்து பாக்கணும் அல்லி. பாக்காம தூக்க வுட்றாத."

காலையில் காபியோடு போய் எழுப்பியபோது அவர் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். பக்கத்து வீட்டார் வந்தார்கள், மூக்கடியில் விரல் வைத்தார்கள், உதட்டைப் பிதுக்கினார்கள். அதற்கு மேல் யாரும் எதுவும் பார்க்கவில்லை.

வேறு டாக்டரையாவது கூட்டி வா என்று கொழுந்தனிடம் கெஞ்சினாள். அவன் குரலைத் தாழ்த்தினான்.

"சீட்டு கையில இருக்கு அண்ணி. இன்னொருத்தரக் கூப்புட்டா சோமசேகரன நம்பலன்னு ஆயிடும். ஏற்கெனவே மெடிக்கல் கவுன்சில் வரைக்கும் நாறுன வீடு. வேணாம்."

குளிப்பாட்டிக் கூடத்து பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். முகம் மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூங்குகிற அதே முகம். நெஞ்சின் மேல் கிடந்த துண்டின் ஓரம் ஏறி இறங்குவதைக் கண்டு அவள் ஃபேனை நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினார்கள். இறக்கைகள் முழுக்க நின்ற பிறகு துண்டு இன்னொரு தடவை அசைந்தது. பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். அவள் எதையும் பார்க்கவில்லை.

வாய்க்கரிசி போடும்போது மூச்சு முட்டிவிடுமே என்று அரிசியை உதட்டோரமாகவே விட்டாள். துக்கத்தில் அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில்தான் சுரக்குடி குஞ்சம்மா உள்ளே வந்தாள். பேச்சு அடங்கிவிட்டது. அவளை அந்தத் தெருவில் தெரியாதவர்கள் கிடையாது.

எட்டொன்பது வருஷத்துக்கு முன்னால், எமர்ஜென்சி வருஷத்து மழைக்காலத்தில் அவள் மகளைக் காரைக்காலில், புருஷன் வீட்டில் தரையில் படுத்திருந்தபோது, கட்டுவிரியன் தீண்டியது. விடிந்தபோது பேச்சு மூச்சில்லை. சீட்டுக்கு ஆள் வந்தபோது நீலகண்டனின் வாசலில் காய்ச்சல்காரர்கள் நிறைந்திருந்தார்கள். மூச்சு இருக்கா என்று கேட்டார், இல்லை என்றார்கள், எழுதிக் கொடுத்துவிட்டார். குஞ்சம்மா சேற்றில் விழுந்து எழுந்து சுடுகாட்டுக்கு வந்து சேர்ந்தபோது நெருப்பு பிடித்திருந்தது. அந்தப் பாம்பு கடித்தால் ஆள் கட்டையாகக் கிடக்கும், உயிர் உள்ளேயே இருக்கும் என்று யாரோ ஒரு புண்ணியவான் அப்புறமாக அவளிடம் சொன்னான். அவள் கவுன்சிலுக்குப் புகார் எழுதிப் போட்டாள். பார்த்தேன் என்று சொல்லிவிடுங்கள், கேஸ் நிற்காது என்று வக்கீல் படித்துப் படித்துச் சொல்லியும், விசாரணையில் நீலகண்டன், பார்க்கவில்லை என்று மட்டும் சொன்னார். சில மாதம் அவருடைய பதிவை நிறுத்திவைத்தார்கள்.

வைத்தியலிங்கம் அவளை வழிமறிக்கப் போனான். அல்லி, "விடுங்க தம்பி" என்றாள்.

குஞ்சம்மா பெஞ்சின் அருகில் உட்கார்ந்தாள். அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். இமையை விரலால் தூக்கிப் பார்த்தாள். பிறகு மாலையை ஒதுக்கிவிட்டு நெஞ்சில் காதை வைத்துப் படுத்தாள். வாசலில் அடித்துக்கொண்டிருந்த தப்பு மேளம் தானாக நின்றது. காதைத் திருப்பி வைத்தாள். மறுபடி திருப்பினாள். கடைசியில் அவர் காதருகே குனிந்து, "டாக்டரய்யா" என்று கூப்பிட்டாள். பதில் வரும் என்று காத்திருப்பவள் போலவே காத்திருந்தாள்.

"என்ன?" என்றாள் அல்லி.

குஞ்சம்மா நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்ணில் பகை இல்லை.

"எனக்குத் தெரியலம்மா" என்றாள்.

அதற்குமேல் ஆண்கள் பொறுக்கவில்லை. இருட்டுவதற்குள் எடுக்க வேண்டும் என்று பாடையைத் தூக்கிவிட்டார்கள். தெருமுனை வரை பெண்கள் போனார்கள். வழக்கப்படி அங்கே நின்று, தலையில் அடித்துக்கொண்டு, குளிப்பதற்குத் திரும்பினார்கள். அல்லி திரும்பவில்லை. தூரத்தில் பாடை ஆடி ஆடிப் போவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கவுன்சிலில் ஒரு வார்த்தை பொய் சொல்லாத மனுஷன் தன்னிடம் கேட்டது ஒன்றுதான், அதையும் செய்யாமல் அனுப்பிவிட்டோமே என்று நினைத்தாள்.

குஞ்சம்மா பக்கத்தில் வந்து நின்றாள்.

"ரோட்டு வழி சுத்து" என்றாள். "வாய்க்கா கரையில போனா அவங்களுக்கு முன்னால போயிரலாம். அன்னிக்கு எனக்கு இது தெரியல."

"போயி?"

"கட்டைய வைக்க வுடாம நில்லுங்க. நான் பெரியாஸ்பத்திரிக்கு ஓடி ஒரு டாக்டர இழுத்துட்டு வரேன். யாராச்சும் ஒருத்தர் இருப்பாங்கல்ல."

பின்னால் ஒரு கிழவி, பொம்பளை அங்கே போகக் கூடாது என்று கத்தினாள். அல்லி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரையில் இறங்கினாள். சேறு கணுக்கால் வரை வாங்கியது. குஞ்சம்மா முன்னால் போய் வழி காட்டினாள். ஆஸ்பத்திரிக்குப் பிரிகிற மதகடியில் நின்று, கையை நெற்றிக்கு மேல் வைத்துச் சுடுகாட்டுப் பக்கம் பார்த்தாள்.

"புகை இன்னும் கெளம்பல" என்றாள். "நடங்க."