ஒரு செருமலுக்கு இடம் மாறும் பெட்டி

1

இந்தக் கதை எனக்கு ஒரு செருமலிலிருந்து கிடைத்தது. நான் பெட்டி தூக்கிய கிடங்கில் தினமும் காதில் விழுந்த செருமல்தான். அதற்குள் இத்தனை இருக்கிறது என்று அப்போது உறைக்கவில்லை.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "நவீனத் தொழில்நுட்பம் உழைப்பாளர் வாழ்வில் அடியெடுத்து வைத்த அந்த இளங்காலைப் பொழுதில்..."

வேண்டாம். தலை நரைத்த பிறகு எழுத்துக்கூட்டிய கைக்கு இந்த வாக்கியம் தாங்காது. இறக்கி வைத்துவிட்டேன்.

2

பெரியக்காவுக்கு வலது தோள் போய்விட்டது. கிடங்கில் எல்லோருக்கும் தெரியும், மேனேஜரைத் தவிர. அவருக்குத் தெரிந்தால் மறுநாளே வேலை இல்லை. வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் புருஷனுக்கு அவளை விட்டால் நாதியில்லை.

அவளும் வாய்விட்டுச் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. கனமான பெட்டி அவள் முறைக்கு வந்தால், பக்கத்தில் நிற்கும் நெட்டை லேசாகச் செருமுவான். அவள் முந்தானையைச் சரிசெய்வதுபோல ஒதுங்குவாள். நிமிர்வதற்குள் கனம் அவன் தோளில் ஏறியிருக்கும். அவனுடைய லேசான பெட்டி அவள் இடுப்பில் உட்கார்ந்திருக்கும். கல்லைச் சுற்றித் தண்ணீர் போகிற மாதிரி.

(இந்த உவமையை அடித்தேன். திரும்பவும் எழுதினேன். இருக்கட்டும்.)

3

பிறகு கண்ணாடி வந்தாள். முகத்தை விட மூக்குக்கண்ணாடி பெரிசு என்பதால் நாங்கள் வைத்த பெயர். யார் எந்தப் பெட்டியைத் தூக்குவது என்று மணிக்கட்டில் கட்டிய கருவியே சொல்லும்படி ஓர் ஏற்பாடு செய்ய நிறுவனம் அவளை அனுப்பியிருந்தது. அவள் அறைக்குள் உட்கார்ந்து வரையவில்லை. மிஷின்தான் ஆளுக்கு வளையணும் என்று சொல்லிக்கொண்டு எங்களோடு நின்றாள், தூசியில் தும்மினாள், கேட்டுக் கேட்டுக் குறித்தாள்.

(அவளைக் கொஞ்சம் கெட்டவளாக்கினால் கதை வேகமாக ஓடும். எழுதியும் பார்த்தேன். எங்கள் குவளையில் தண்ணீர் குடித்தவளைப் பற்றிப் பேனா அப்படிப் பேச மாட்டேன் என்றுவிட்டது.)

மனிதரை நடுவில் வைத்து அமைப்பைக் கட்டுவது என்று அந்த வேலைக்குப் பெயராம். நடுவில் வைக்க வேண்டிய மனிதர் ஒளிந்துகொண்டால்? விருந்தாள் வந்தால் வீட்டைக் கூட்டி வைப்பது போல, அவள் நின்ற நாட்களில் எல்லோரும் வேலையைக் கூட்டிப் பெருக்கிக் காட்டினார்கள். செருமல் இல்லை. பெரியக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கனத்தைத் தூக்கினாள், சிரிக்கவும் செய்தாள். கண்ணாடி பார்த்தது அதை. கருவி கற்றதும் அதையே.

4

கருவி அதிசயம்தான். உறை மாட்டிய விரலுக்கும் பணிந்தது. படிக்கத் தெரியாதவர் காதில் "அக்கா, மூணாவது அடுக்கு" என்று நம் பேச்சிலேயே சொன்னது. ஆனால் கனத்தைச் சமமாகப் பங்கு வைத்தது. ஒருவர் பெட்டியை இன்னொருவர் தொட்டால் மேனேஜரின் திரையில் சிவப்பு விழுந்தது. நெட்டை செருமினான். பெட்டி அங்கேயே இருந்தது.

மதியத்துக்குள் பெரியக்காவின் முகம்...

(முடிக்க வரவில்லை. விடுகிறேன்.)

5

ஏற்பாடு எப்படி ஓடுகிறது என்று பார்க்க வந்திருந்த கண்ணாடி, சாப்பாட்டு நேரத்தில் பெரியக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். குவளையை இடது கை எடுப்பதைப் பார்த்தாள்.

"அக்கா, தோள்ல என்ன?"

"எந்தத் தோள்ல?"

நெட்டை குறுக்கே விழுந்தான். "அவங்க தோள் ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் தொண்டை சரியில்ல."

பெரியக்கா அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கருவியைக் கழற்றித் தரையில் வைத்தாள். "வாம்மா. காட்டறேன்."

எல்லோரும் கழற்றினார்கள். மேனேஜர் இல்லாத அந்த ஓய்வு நேரத்தில் உண்மையான வேலை நடந்தது. ஒரு செருமல், ஒரு கால்தட்டல், ஒரு "ம்". பெரியக்காவின் தோள் மட்டுமில்லை. ஒருத்தருக்கு உயரம் என்றால் பயம், ஒருத்தருக்குக் காது மந்தம், ஒருத்தி மூன்று மாதக் கர்ப்பம். ஒவ்வொரு குறையையும் ஒரு கை தாங்கிக்கொண்டே போனது, ஏவுகிறவர் யாருமில்லை. கண்ணாடியின் பேனா நின்றுவிட்டது.

"இதை யாருக்கா உண்டாக்கினது?"

"யாரும் உண்டாக்கலம்மா. பக்கத்துல பக்கத்துல நின்னு வந்தது."

அதற்குள்ளேயே நின்றவன் நான். இதோ, எழுதும்போதுதான் எனக்கும் மயிர்க்கூச்செறிகிறது.

6

கண்ணாடி கருவியில் புதிதாக ஒரு பொத்தான் வைத்தாள். அழுத்தினால் உங்கள் பெட்டியும் பக்கத்தாளின் பெட்டியும் இடம் மாறும். ஏன் என்று கேட்காது, யார் என்று குறிக்காது. மேனேஜர் அரைமனதாகச் சம்மதித்தார். குறிக்காவிட்டால் என்ன, பொத்தானுக்கு யார் கை போகிறது என்று நானே நின்று பார்க்கிறேன் என்றார்.

ஒரு முடிவில் அவர் பெரியக்காவின் கையைப் பார்த்துவிடுகிறார். கிழித்தேன். இன்னொன்றில் மனம் இளகி அவளைக் கையெடுத்துக் கும்பிடுகிறார். அதையும் கிழித்தேன், அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

நடந்தது இதுவரைதான்: மேனேஜர் கை கட்டி நிற்கிறார். வரிசையின் தலையில் நெட்டை. அவனுக்கு வந்தது லேசான பெட்டி. செருமிவிட்டு, தேவையே இல்லாமல் அழுத்துகிறான். அடுத்தவரும் தேவையில்லாமல் அழுத்துகிறார். அதற்கடுத்தவளும். மேனேஜரின் கண் ஒவ்வொரு கையாகத் தாண்டி வருகிறது. கடைசியில் பெரியக்கா, கனமான பெட்டியின் முன்னால்.

அவளுக்கு முந்திய இடத்தில் நின்றது நான். அந்த இடத்தை உங்களுக்குக் கொடுத்துவிட்டு நகர்ந்துகொள்கிறேன். உங்கள் தோளுக்கு ஒரு குறையுமில்லை. உங்களுக்கு வந்திருப்பதும் லேசான பெட்டிதான், அழுத்தினால் அவள் கனம் உங்களுக்கு.

மேனேஜர் இப்போது உங்கள் கையைப் பார்க்கிறார்.