கண் சுடும் கம்பி

அச்சக முதலாளி வெர்ஹெல்ஸ்ட் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். குழந்தைகளுக்கான படப் புத்தகம், பன்னிரண்டு பக்கம். கூண்டில் அடைபட்ட குருவி கடைசிப் பக்கத்தில் பாப்ளர் மரங்களுக்கு மேலே பறந்து போக வேண்டும். கூண்டு நன்றாக வந்திருக்கிறது, குருவியின் கண்தான் செத்த கண்ணாக இருக்கிறது என்றார். ஏழு வருஷமாகக் குருவிகளோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு ஒரு கண் வரைய வரவில்லையா என்று கேட்டுச் சிரித்தார்.

படம் வரைந்த எமெரன்ஸ் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அவள் வீட்டுக் குருவிகளுக்குக் கண் கிடையாது.

அவள் கணவன் ஓடீல் பாட்டுப் போட்டிக்குக் குருவி வளர்ப்பவன். ஞாயிறு காலையில் தெரு நெடுகக் கூண்டுகளை வரிசையாக வைத்து, ஒரு மணி நேரத்தில் எது அதிகத் தடவை பாடுகிறதென்று நீளக் கோலில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு எண்ணுவார்கள். வெளிச்சம் தெரியாத குருவிதான் கவனம் சிதறாமல் பாடும் என்பது ஊர்ப் பேச்சு. அதனால் காய்ச்சிய கம்பியால் இமைகளைச் சுட்டு ஒட்டிவிடுவார்கள். ஓடீலின் நான்கு குருவிகளுக்கும் அதுதான் நடந்தது. நான்கையும் கையில் பிடித்துக்கொண்டு நின்றவள் எமெரன்ஸ். உள்ளங்கையில் அந்தச் சின்ன நெஞ்சு அடித்துக்கொள்ளும்போது அவள் சுவரைப் பார்த்துக்கொள்வாள்.

மார்ச் மாதம் ஓடீல் பசை தடவிய குச்சி வைத்து ஐந்தாவது குருவியைப் பிடித்து வந்தான். சனிக்கிழமை கூட்டாளி கமீல் வந்ததும் சுடலாம் என்று கூண்டைச் சமையலறையில் மாட்டினான். எமெரன்ஸ் நாற்காலியை அதன் அருகே இழுத்துப் போட்டு மூன்று நாள் வரைந்தாள். கரும்பழுப்புக் கண். அதற்குள் ஜன்னல் ஒரு வெள்ளைப் பொட்டாகத் தெரிந்தது. அவள் எழுந்தால் தலையைச் சாய்த்துப் பார்த்தது, உட்கார்ந்தால் மறுபடி பார்த்தது. எத்தனையோ தாளைக் கசக்கி எறிந்த பிறகு நான்கு படங்கள் உயிரோடு வந்தன.

சனிக்கிழமை மதியம் ஓடீலும் கமீலும் பீர் வாடையோடு வந்தார்கள். மரப்பிடி போட்ட கம்பி அடுப்பில் செருகப்பட்டது. ஓடீல் குருவியை வெளியே எடுத்து அவளிடம் நீட்டினான்.

"பிடி."

"வேணாங்க. இனிமே நான் பிடிக்க மாட்டேன்."

கமீல் நாற்காலியில் சாய்ந்துகொண்டான். "பாத்து சுடுப்பா. குருவிக்குக் கண்ணு போனா உன் பொண்டாட்டி துக்கத்துக்குக் கறுப்பு கட்டிக்குவா போல."

ஓடீலின் கண் மேஜைமேல் இருந்த படங்களில் விழுந்தது. ஒரு கையில் குருவி இருக்க, மறுகையால் நான்கையும் அள்ளி அடுப்பில் போட்டான். அவள் பாய்ந்தாள். புறங்கையால் அறைந்ததில் உதடு கிழிந்தது. கூந்தலைப் பிடித்து அவள் முகத்தை அடுப்பை நோக்கி அழுத்தினான். கன்னத்துக்கும் அடுப்பின் இரும்புக்கும் நடுவே இரண்டு விரல் அகலம்தான் இருந்தது. பொசுங்கிய முடி நாறியது.

"நாலையும் நீதானடி பிடிச்சே. அப்பல்லாம் இந்த இரக்கம் எங்க போயிருந்துச்சு?"

அவன் சொன்னது பொய்யில்லை. கிழிந்த உதட்டைவிட அதுதான் அவளைச் சுட்டது. கை தடவித் துழாவிக் கம்பியின் மரப்பிடியைக் கண்டது. உருவியெடுத்து, குருவியைப் பிடித்திருந்த அவன் கையில் குத்தி அழுத்தினாள். சதை சீறியது. ஓடீல் மாடு போல அலறிக் கையை உதறினான்.

விடுபட்ட குருவி நேரே ஜன்னல் கண்ணாடியில் மோதிக் கீழே விழுந்தது. எழுந்து மறுபடி மோதியது. கண்ணாடியில் பொட்டு ரத்தம் ஒட்டியது. எமெரன்ஸ் முக்காலியைத் தூக்கி ஜன்னலில் ஓங்கி அடித்தாள். கண்ணாடி தெருவில் கொட்டியது. குருவி அந்த ஓட்டை வழியாகப் போய்விட்டது. எங்கே போயிற்று என்று பார்க்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. ஓடீல் அடுப்புக் கிளறும் இரும்பால் அடித்தான். தலைக்கு வந்த அடியை இடது கையால் தடுத்தாள். எலும்பு முறிந்த சத்தம் கமீலுக்கும் கேட்டது. அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவன் எழுந்து ஓடீலின் இடுப்பைக் கட்டிக்கொண்டான்.

"போதும்டா. செத்துத் தொலைஞ்சா நானும்ல சேந்து தூக்குல தொங்கணும்."

எமெரன்ஸ் தொங்கும் கையோடு கதவைத் திறந்து, கண்ணாடித் துண்டுகளின் மேல் வெறுங்காலோடு நடந்து போனாள்.

வழக்கு நடந்தது. பெண்டாட்டியைக் கண்டிக்கையில் சற்று மீறிவிட்டான் என்று ஓடீலுக்கு மூன்று நாள் சிறை. இரும்பால் சுட்டுக் கணவனின் உழைக்கும் கையைக் கெடுத்தாள் என்று அவளுக்கு எட்டு நாள். குழந்தைகள் புத்தகம் போடுகிற இடத்தில் சிறைக்குப் போனவளை எப்படி வைத்துக்கொள்வது என்று வெர்ஹெல்ஸ்ட் ஆள் விட்டுச் சொன்னார்.

ஒன்பதாம் நாள் காலை சிறை வாசலில் ஓடீல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றிருந்தான்.

"வீட்டுக்கு வா. நடந்தது நடந்து போச்சு."

"மிச்ச நாலும் இருக்கா?"

"இருக்கு. நேத்து முன்னூறு தடவ பாடுச்சு ஒண்ணு."

"அதுங்களால இனி எங்கயும் போக முடியாது. நான் போறேன் ஓடீல்."

அவன் கையை ஓங்கினான். சுட்ட இடத்தில் நரம்பு இழுத்து இரண்டு விரல்கள் மடங்காமல் நின்றன. தெருவில் பால்வண்டிக்காரி வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். கை மெல்லக் கீழே இறங்கியது.

எமெரன்ஸ் கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்தபடி ரயில் நிலையத்துக்கு நடந்தாள். கென்ட் நகரில் அச்சகங்கள் நிறைய உண்டு. வரைகிற கை முறியவில்லை.