ராமேஸ்வரம் பக்கத்துத் தண்ணீர்

“அப்ப இது கடல்தண்ணியே இல்லைங்குறியா?”

“பாதிதாண்ணே கடல். மீதி நம்ம வீட்டு போர்த்தண்ணியாத்தான் இருக்கும்,” என்றாள் சத்யப்ரியா.

பசுமலைக் கல்லூரி ஆய்வுக்கூடத்து ஜன்னலோரம் நின்று, உப்பளவு காட்டும் கருவியை மறுபடி கண்ணில் வைத்தாள். முப்பத்தைந்து காட்ட வேண்டியது இருபதில் நின்றது. மண்டபம் கடற்கரையில் தண்ணீர் பிடித்த நாலு கேனையும் இரவு உசிலம்பட்டி வீட்டில் இறக்கிவைத்துக் காலையில் லோடு வண்டியில் கொண்டுவந்த அண்ணன் அருள்பாண்டி, விரலை நனைத்து நக்கிப் பார்த்தான்.

“கரிக்கத்தானே செய்யுது?”

“உனக்குக் கரிச்சாப் போதுமா?”

தொட்டியில் மிளகாய்த்தூள் போலச் சிப்பிக் குஞ்சுகள் நீந்திக்கொண்டிருந்தன. கழிமுகத்தில் மளமளவென்று வளரும் சிப்பி ஒன்று. கடற்பாறையில் ஒட்டி எந்த உப்பையும் தாங்கும் சிப்பி இன்னொன்று. கோடையில் நீரில் உப்பேறினால் பண்ணைச் சிப்பிகள் கூண்டோடு சாகின்றன என்றுதான் இரண்டு இனத்தையும் கலந்தாள். இருமுறை தோற்று, மூன்றாவது கலப்பு பதினைந்து நாள் பிழைத்துவிட்டது. நேற்று ஒவ்வொன்றிலும் கறுப்பாய் ஒரு கண்புள்ளி, ஒட்டி வளரத் தயார் என்பதற்கு அடையாளம். நுண்ணோக்கி வழியே கடலே தன்னை எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது அவளுக்கு. இன்று மதியத்துக்குள் தண்ணீர் மாற்றாவிட்டால் எல்லாம் போய்விடும். அடுத்த சினைக்காலத்துக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

“உப்ப அள்ளிப் போட்டா என்ன?”

“சாப்பாட்டு உப்புக்குச் செத்துரும்ணே. வீட்டுல என்ன நடந்துச்சு?”

அவன் தலையைச் சொறிந்தான். “ராமேஸ்வரம் பக்கத்துக் கடல்னு ஆத்தாகிட்டச் சொல்லிப்புட்டேன்.”

அவள் போனைப் போட்டாள். எடுத்த ஆத்தா ஒச்சாயியின் குரலில் பெருமை வழிந்தது. “தீர்த்தம் வந்துருக்குன்னு தெருவே செம்போட வந்துருச்சுடி! இல்லேன்னு சொல்ல முடியுமா? நாலு கேன்லயும் சமமா மோந்து குடுத்து, குறைஞ்சத நானே ரொப்பி வச்சேன். ஒரு சொட்டு குறையாது, பாரு!”

சத்யப்ரியாவுக்குச் சிரிப்பு முட்டியது. “எம்புட்டு வீட்டுக்குக் குடுத்த?”

“இருபது இருக்கும். முத்துத்தாய் மட்டும் கொடத்தோட வந்தா.”

“தெளிச்சுட்டாகளா?”

“நாளைக்குத்தான அமாவாசை? எல்லாம் சாமி ரூம்ல இருக்கு.”

அப்படியானால் கலக்காத கடல்தண்ணீர் இருபது வீட்டுச் சாமி அறையில் பத்திரமாக இருக்கிறது. மணி ஒன்பதரை. போக ஒரு மணி, வர ஒரு மணி. அருள்பாண்டி சாவியை எடுத்துவிட்டான். கொடுத்த தீர்த்தத்தை அந்தத் தெருவில் யாரும் இதுவரை திருப்பிக் கேட்டதில்லை.

“ஆத்தா,” என்றாள் சத்யப்ரியா, குரலைத் தேனாக்கி, “அண்ணன் இந்தா கெளம்பிருச்சு. அது வாரதுக்குள்ள, முத்துத்தாய் அத்தை வீட்டுல ஆரம்பிச்சு ஒவ்வொரு வீடாப் போயி, அம்புட்டுத் தீர்த்தத்தையும் திருப்பிக் கேட்டு வாங்கி வையேன்...”